புது பேட்டரி என்ன பண்ணும்?

விருத்தாசலம்னா உங்களுக்குப் பீங்கான் பொம்மை ஞாபகம் வரும். எங்களுக்கு மல்லாட்டை, அதாவது உங்க வேர்க்கடலை. மழை பேஞ்சு விதைக்கிற ஈரம் இருக்கு. ரெண்டு நாள் வெயில் காய்ஞ்சா போச்சு. டிராக்டரோ, புது பேட்டரி போட்டும் காலையில 'டிக்'னு நின்னுடுது. சார்ஜ் ஏத்தினா ஒருநாள் ஓடும், மறுநாள் அதே கதை.

பேட்டரியையே மாத்தித் தரேன்னார் கடைக்காரர். எலக்ட்ரீஷியன் அண்ணன் விடலை. மீட்டர் வெச்சார்: இன்ஜின் ஓடும்போதும் 12.4 வோல்ட்தான். 14-ஐ ஒட்டி இருக்கணுமாம். அப்புறம் சாவியை எடுத்துட்டு, நெகட்டிவ் வயரைக் கழட்டி நடுவுல ஒரு பல்பைக் கோத்தார். மினுக்குனு எரிஞ்சுது! ஆல்டர்னேட்டர் வயரைக் கழட்டினதும் அணைஞ்சுது. உள்ளே டயோடு போயிருக்கு. பகல்ல சார்ஜ் ஏறாது, ராத்திரி இருக்கிறதும் கசிஞ்சிடும்.

டயோடை மாத்தியாச்சு. சாயங்காலத்துக்குள்ள பாதிக் கொல்லையில விதை விழுந்துடுச்சு.