செருப்பு விடைபெறும் இடம்

தொல்காப்பியப் பாயிரம் தமிழின் வடக்கு எல்லையாகச் சொல்லும் வேங்கடத்துக்கு நடந்தே போகிறவர்கள் இன்றும் ஏராளம். புரட்டாசி பிறந்துவிட்டால் சாலையோரமெல்லாம் மஞ்சள் வேட்டிகள்தான். வேலூர், சித்தூர் வழியாக வருபவர்களுக்கு மலையின் வாசல் சந்திரகிரி. விஜயநகரப் பேரரசின் கடைசிக் காலத் தலைநகர்களுள் ஒன்று. கோட்டைக்குள் இருக்கும் ராஜ மஹால் இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

வேலூரிலிருந்து இந்த ஊர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பக்தி கொண்டுவந்து சேர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் நடப்பது கால். அதற்கு என்ன மாட்டுவது, தோளில் என்ன தொங்கவிடுவது என்பதைப் பயணத்துக்கு முதல் நாள் கடைவீதியில் முடிவுசெய்பவர்கள்தான் பாதி வழியில் பஸ் ஏறுகிறார்கள்.

நடக்க நடக்கக் கால் வீங்கும். எனவே செருப்போ ஷூவோ மாலையில் வாங்குவதே உத்தமம். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். வாங்கியதைக் குறைந்தது இரண்டு வாரமாவது தினமும் போட்டு நடந்து பார்க்க வேண்டும். பையையும் அப்படியே. வீட்டில் தூக்கிப் பார்த்தால் எல்லாப் பையும் லேசுதான். முழுச் சுமையோடு பத்து கிலோமீட்டர் நடந்தால்தான் எந்த வார் தோளை அறுக்கிறது என்பது தெரியும். இரண்டாவது போர்வை, மூன்றாவது சட்டை எல்லாம் அன்றே வீட்டில் தங்கிவிடும்.

மெல்லிய துண்டு, தண்ணீர் பாட்டில், உப்பு சர்க்கரைப் பொட்டலம், தேங்காய் எண்ணெய், பிளாஸ்திரி, டார்ச் ஆகியவை போதும். குதிகாலில் எரிச்சல் தொடங்கியதுமே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கொப்புளம் வந்தபிறகு அல்ல. வெயிலுக்குப் பயந்து விடியுமுன் நடப்பவர்கள், வண்டி விளக்கு பட்டால் மின்னும் ஒட்டுநாடாவைப் பையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்வது அவசியம். எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்கம் நடப்பது அதைவிட அவசியம்.

சந்திரகிரியைத் தாண்டி சீனிவாச மங்காபுரம். அதற்கப்பால் ஸ்ரீவாரி மெட்டு. தமிழில் மெட்டு என்றால் மேடு, தெலுங்கில் படி. இங்கே இரண்டும் பொருந்தும். 2,388 படிகள், 2.1 கிலோமீட்டர். 2021 நவம்பர் மழையில் சிதைந்த பாதை 2022 மே மாதம் மீண்டும் திறந்தது. மூட்டையை இலவசமாக மேலே கொண்டுசேர்க்கும் வசதி உண்டு. செருப்பையும் இங்கேதான் பெரும்பாலோர் கழற்றுகிறார்கள். அதுவரை பொத்திவைத்த பாதம் திடீரென்று கல்லில் படுகிறது. ஒத்திகையின்போது தினமும் கொஞ்ச நேரம் வெறுங்காலோடும் நடந்திருந்தால் வலி குறையும். நீரிழிவுக்காரர்களுக்கு மட்டும் இந்த யோசனை ஆகாது. பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடும் முள்ளும் தெரியாது. சிறு காயம் காலையே காவு கேட்கும். அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது கைத்தடி. 2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அடுத்த மாதமே தேவஸ்தானம் நடைபயணிகளுக்குத் தடி வழங்கத் தொடங்கியது. சிறுத்தைக்கு முன் குச்சியா என்று கேலி செய்தவர்கள் உண்டு. கூட்டமாக நடப்பதும் குழந்தையின் கையை விடாமல் பிடிப்பதும்தான் முதல் காவல் என்பது நிஜம். ஆனால் படி ஏறும் முழங்கால்களைக் கேட்டால் தடியைக் குறை சொல்லாது.