அம்மாவின் கைப்பேசியும் பழைய ரயில் பாதையும்

ஈசூனில் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அம்மா, அப்பாவின் மறைவுக்குப் பிறகு எங்களுடன் புக்கிட் பாஞ்சாங் வந்துவிட்டார். வயது 68. முதல் இரண்டு மாதங்கள் வாசலைத் தாண்டவே தயங்கினார். ஈசூனில் ஈரச்சந்தை மீன்காரர் முதல் கீழ்த்தள மாமி வரை அனைவரும் பழக்கம். இங்கே மின்தூக்கியில் ஏறுபவர்கள் எல்லாரும் புதுமுகங்கள்.

“எங்கம்மா போறது? யாரைத் தெரியும்?” என்பார். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், மகள் பள்ளிக்குப் போய்விடுவாள். நாள் முழுவதும் வீட்டில் தொலைக்காட்சியும் அம்மாவும்தான்.

புதிய செயலிகளைப் பதிவிறக்கிப் பார்ப்பது என் வெகுநாள் பழக்கம். பெரும்பாலானவை ஒரு வாரம்கூடத் தங்குவதில்லை. இந்த எட்டு மாதங்களில் நிலைத்தவை ஐந்து. ஐந்தும் இப்போது அம்மாவின் கைப்பேசியிலும் இருக்கின்றன. அம்மாவை வெளியே அழைத்துப் போனவை என்பதாலேயே அவற்றைப் பற்றி எழுதத் தோன்றியது.

நிறம் பார்த்துப் பேருந்து

முதலாவது, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘மைடிரான்ஸ்போர்ட்’. பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்பதோடு, உள்ளே கூட்டம் எப்படி என்பதையும் நிறத்தில் காட்டும். பச்சை என்றால் உட்கார இடம் உண்டு. சிவப்பு என்றால் நெரிசல். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நிறமும் எண்ணும் போதுமாக இருந்தன.

எங்கள் வட்டாரம் வழியாகச் செல்லும் 171ஆம் எண் பேருந்து ஈசூன் வரை போகிறது என்று நான் காட்டியபோது, அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை பார்த்தார். மறுவாரமே பழைய தோழியைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினார். பச்சை வரும்வரை இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டதாக அன்று மாலை பெருமையோடு சொன்னார்.

ரயில் போன பாதை

தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட மலாயா ரயில்கள் எங்கள் பகுதி வழியாகத்தான் உட்லண்ட்ஸ் நோக்கிச் சென்றன. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகார் நிலையச் சேவை முடிவுக்கு வந்தது. கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான். தண்டவாளங்கள் அகற்றப்பட்ட அந்த 24 கிலோமீட்டர் நிலம் இன்று ‘ரெயில் காரிடார்’ என்னும் பசுமைப் பாதையாக இருக்கிறது.

ஞாயிறு காலைகளில் அம்மாவும் மகளும் நானும் அங்கே நடக்கத் தொடங்கினோம். கிளம்புமுன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ‘மைஎன்வி’ செயலியில், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கான வானிலை முன்னுரைப்பைப் பார்ப்போம். திறந்தவெளிப் பாதை என்பதால் இடிமழையில் ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும்.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘ஹெல்தி 365’ எங்கள் காலடிகளை எண்ணும். சேரும் புள்ளிகளைப் பற்றுச்சீட்டாக மாற்றிக்கொள்ளலாம். மளிகைச் சாமானுக்கு அது கழிக்கப்பட்டதைப் பார்த்த நாளிலிருந்து, அம்மா சமையலறைக்குப் போகும்போதுகூடக் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

குயிலுக்கு ஒரு செயலி

நான்காவது ‘மெர்லின்’. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் உருவாக்கிய இலவசச் செயலி. பறவையின் குரலைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் வசதி 2021இல் இதில் சேர்ந்தது. வட்டாரத்துக்குரிய பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே வேண்டியதில்லை.

மகள் ஆவலோடு கைப்பேசியை மரத்தை நோக்கி நீட்டினாள். செயலி பெயர் காட்டுவதற்குள், “குயில்தானே? இதுக்குப் போய் ஒரு போனா?” என்றார் அம்மா. அடுத்து வந்தது அவருக்குத் தெரியாத குரல். செயலி மாங்குயில் வகை என்றது. கண்ணைக் கடந்து கருப்புப் பட்டை ஓடும் மஞ்சள் பறவை. அம்மா கொஞ்சம் இறங்கிவந்தார்.

ஐந்தாவது ‘சீக்’. செடியையோ பூச்சியையோ கேமராவில் காட்டினால் பெயர் சொல்லும். கணக்குத் திறக்கத் தேவையில்லை என்பதால் பிள்ளைகளிடம் நம்பிக் கொடுக்கலாம். பாதையோரச் செடி ஒன்றை அது ‘அகாலிஃபா இண்டிகா’ என்றது. அம்மா குனிந்து பார்த்தார்.

“குப்பைமேனி. எங்கம்மா மஞ்சளோட அரைச்சு சொறிக்குப் போடுவாங்க. பூனைக்கு இதோட வேர்னா உயிர்.”

மகள் அதைத் தமிழில் எழுதிக்கொண்டாள். பறிக்க நீண்ட பாட்டியின் கையையும் அவளே தடுத்தாள். பூங்காக்களில் செடி பறித்தால் அபராதம். அன்றுமுதல் வாரம் ஒரு செடி: செயலி ஒரு பெயர் சொல்லும், பாட்டி ஒரு பெயர் சொல்வார். கீழாநெல்லியும் முடக்கத்தானும் குறிப்பேட்டில் ஏறிவிட்டன.

இரும்புப் பாலம்

ரெயில் மால் கடைவரிசைக்கு அருகே, அப்பர் புக்கிட் தீமா சாலையின் மேலாகப் பழைய இரும்புப் பாலம் ஒன்று நிற்கிறது. ஒரு ஞாயிறு அதன் நடுவில் அம்மா நின்றுவிட்டார். கால் வலியோ என்று அருகே போனேன்.

“சிகாமட்ல உங்க அத்தை வீட்டுக்கு ரயில்ல போனோம். 1979, கல்யாணம் ஆன புதுசு. சன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். பாலம் வருது, தலையை உள்ள இழுத்துக்கோன்னு உங்கப்பா கத்தினார்.”

இந்தக் கதையை நான் அதுவரை கேட்டதில்லை. அப்பா போன பிறகு, அம்மா அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசியதும் அன்றுதான். செயலிகள் எதற்கும் அங்கே வேலையில்லை. ஆனால் அவை இல்லாவிட்டால் நாங்கள் அந்தப் பாலத்துக்கு வந்திருப்போமா என்பது சந்தேகம்தான்.

நீங்களும் நடக்க

டவுன்டவுன் தடத்தில் ஹியூம் நிலையம் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கிருந்து பாலம் பக்கம். பாலத்திலிருந்து தெற்கே நிதானமாக நடந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 1932இல் கட்டப்பட்ட புக்கிட் தீமா ரயில் நிலையம் வரும். புதுப்பிக்கப்பட்டு 2022 ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. நடக்க முடியாதவர்கள் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கிப் போகலாம். தண்ணீர், தொப்பி, கொசுத் தைலம் அவசியம். பெரியவர்களின் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, தேவையான செயலிகளை முதல் திரையிலேயே வைத்துவிடுங்கள். முதல் இரண்டு முறை கூடவே போங்கள்.

சென்ற வாரம் அம்மாவின் கைப்பேசியைப் பார்த்தபோது பேருந்துச் செயலியைக் காணவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“171 வர்ற நேரம்தான் எனக்கே தெரியுமே. பக்கத்து பிளாக் அக்காவும் நானும் பேசிக்கிட்டே நிப்போம், அது பாட்டுக்கு வரும்” என்றார்.