கல்லுக்கு எந்த ஊர்?

போன மாதம் ஹோம்புஷ் பார்க்கில் ஒரு பெரியவர் என் மகளிடம் "நீ எந்த ஊர்?" என்று கேட்டார். "ஹோம்புஷ்" என்றாள். "அது சரி, உண்மையில் எந்த ஊர்?" எட்டு வயசுப் பிள்ளை, என் முகத்தைப் பார்த்தாள். ஏழு வயசில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த நானே இதற்குப் பதில் தெரியாமல்தான் வளர்ந்தேன். சிரித்து மழுப்பினேன். வீட்டில் சொன்னதும், "கிருஷ்ணகிரின்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று அம்மாவுக்கு வருத்தம்.

அந்த வாரம் மகளுக்கு ஸ்டோன்ஹெஞ்ச் பற்றி வீட்டுப்பாடம். மூவரும் சேர்ந்து உட்கார்ந்தோம்.

தென் இங்கிலாந்தில் சுமார் 5,000 வருஷத்துக்கு முன் தொடங்கிய கட்டுமானம் அது. அங்குள்ள கற்கள் எல்லாம் ஒரே ஊர் இல்லை. பெரிய கற்களில் பெரும்பாலானவை 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டிலிருந்து வந்தவை. சிறிய நீலக்கற்கள் வேல்ஸின் பிரெசெலி மலையிலிருந்து, சுமார் 225 கிலோமீட்டர். நடுவே கிடக்கும் 6 டன் பலிபீடக் கல்லும் வேல்ஸ்தான் என்று நூறு வருஷமாக நம்பினார்கள்.

2024-இல் நம்ம பெர்த்திலுள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தார் அதை மாற்றினார்கள். அது மணற்கல். பழைய மலைகள் தேய்ந்து, ஆற்றோடு வந்த மணல் இறுகி உண்டானது. அந்த மணலுக்குள் சிர்கான் போன்ற நுண்மணிகள் இருக்கும். அவற்றிலுள்ள யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாக மாறுவதால் மணியின் வயசைக் கணக்கிடலாம். சாஃப்ட்வேர்காரன் பாஷையில், யாரும் அழிக்க முடியாத லாக். அந்த வயசுகள் வேல்ஸோடு பொருந்தவில்லை. வடகிழக்கு ஸ்காட்லாந்தோடு பொருந்தின. கிட்டத்தட்ட 750 கிலோமீட்டர்! கண்டுபிடித்த குழுவை நடத்திய ஆண்டனி கிளார்க் பிரெசெலி மலைப்பக்கத்துக்காரர், பெர்த்துக்குப் படிக்க வந்தவர்.

"நம்ம பக்கமும் இருக்கே, பாண்டவர் வீடு" என்றார் அம்மா. மல்லச்சந்திரத்தில் பாறைமேல் பலகைக் கற்களால் கட்டிய கற்திட்டைகளைச் சொல்கிறார். பாண்டவர் கட்டியதல்ல, இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பியவை.

"அந்தக் கல்லு எங்கேருந்து வந்துச்சு பாட்டி?"

"எங்கேருந்தும் வரல கண்ணு. அந்தப் பாறையிலயே பேர்த்து அங்கயே நிறுத்தினது."

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ நீங்கதான் பாட்டி ஸ்டோன்ஹெஞ்ச் கல்லு. தூரத்துலேருந்து வந்தீங்க. நான் பாண்டவர் வீட்டுக் கல்லு. இங்கேயே பொறந்து இங்கேயே இருக்கேன்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் பக்கென்றது. இத்தனை நாள் அவளையும் இடம்பெயர்ந்தவளாகவே நினைத்து வந்திருக்கிறேன். அப்புறம் அம்மா மெதுவாகக் கேட்டார்: "அந்த ஸ்காட்லாந்து கல்லுக்குள்ள இருந்த மணல் மட்டும் அங்கேயே பொறந்ததா?"

"இல்லம்மா, அது இன்னும் பழைய மலைகளோடது."

"அப்ப சரி" என்று எழுந்து சமையலறைக்குப் போனார்.

இனி யாராவது கேட்டால் மகள் ஹோம்புஷ் என்றே சொல்லட்டும். மணல் கதையைக் கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மீதியையும் சொல்லட்டும். டிசம்பரில் மல்லச்சந்திரம் போகிறோம். அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கணுமாம் அவளுக்கு.