நான்கு சதமமீற்றர்

யாம் கல்லூரியிற் பயின்ற காலத்தில், எம் ஆசிரியர் நீர் நிறைந்த முகவையொன்றிற் பனிக்கட்டியை மிதக்கவிட்டு, ஆக்கிமிடீசின் தத்துவத்தை விளக்கினார். ஏறக்குறையப் பத்திலொரு பங்கே மேலே தோன்றும். எஞ்சியது நீருள் மறைந்திருக்கும். ஆண்டுகள் பல கழிந்தபின் அப்பாடத்தை ஆட்டிக் சமுத்திரத்தில் மறுபடியுங் கற்க நேர்ந்தது.

2011ஆம் ஆண்டு இளவேனிலில், நோர்வேக்குரிய சுவால்பாட் தீவுகளுக்கு வடக்கே கடற்பனிக்கட்டியின் தடிப்பை அளக்கச் சென்ற குழுவில் யாமும் இடம்பெற்றோம். துப்பாக்கியேந்திய ஒருவர் வெண்கரடி வருமோவென்று காவல் நிற்க, ஏனையோர் பனித்தளத்தில் இறங்கினோம். துறப்பணத்தால் அடிவரை துளைத்து, நுனியிற் குறுக்குக்கோல் பொருத்திய அளவுநாடாவை இறக்கி, அக்கோல் கட்டியின் அடிப்புறத்தில் தட்டும்வரை மேலிழுத்தால் தடிப்புத் தெரியும். துளையினுள் நிற்கும் நீர்மட்டத்துக்கு மேலே கட்டி எவ்வளவு உயர்ந்துள்ளது, அதன்மேற் படிந்த வெண்பனியின் ஆழம் எவ்வளவு என்பனவற்றையுங் குறித்தல் வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? 2010இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தார் ஏவிய கிரையோசாட்-2 என்னுஞ் செய்மதி, எழுநூறு கிலோமீற்றருக்கு மேலான உயரத்திலிருந்து தடிப்பை நேரே காணமாட்டாது. பனிக்கட்டியின் மேற்பரப்பையும், வெடிப்புகளில் தோன்றுங் கடல்நீரின் மட்டத்தையும் ராடார் அலையால் அளந்து, அவற்றின் வேறுபாட்டைக் கொண்டே முழுத்தடிப்பையுங் கணிக்க உதவுகின்றது. மேலே ஒரு சதமமீற்றர் பிழைத்தால், தடிப்பிற் பத்துச் சதமமீற்றரளவு பிழைக்கும். வெண்பனியின் பாரமோ கட்டியை அமிழ்த்திக் கணக்கை மேலும் மயக்கும். ஆதலின் கணிப்பைச் சரிபார்க்க, நேரில் இட்ட துளைகளின் சான்றும் வேண்டப்படுகின்றது.

இறுதித் துளைகளை எய்தியபோது எம் விரல்கள் மரத்துவிட்டன. ஒரு துளையில் நீர்மட்டத்தைப் பாராது, அயல் துளையிற் கண்ட 11 சதமமீற்றரையே இதற்கும் எழுதினோம். குழுத்தலைவர் ஏட்டை நோக்கினார். ஒன்றும் கூறாது முழந்தாளிட்டுத் தாமே அளந்தார். ஏழு! நான்கு சதமமீற்றர் வேறுபாடு, தடிப்புக் கணக்கில் நாற்பதாகும். பிழையான எண்ணின்மேல் ஒரு கோடு கீறிச் சரியானதை அருகில் எழுதுமாறு ஏட்டை எம்மிடம் நீட்டினார். அந்த மௌனம் துருவக் குளிரினும் எம்மை வாட்டியது.

1958 முதற் பனிக்கடியிற் சென்ற நீர்மூழ்கிகளின் ஒலியளவைகளும், பின்வந்த செய்மதிகளும், ஆட்டிக் பனி மெலிந்து வருவதைக் காட்டியுள்ளன. அச்செய்தியை உலகம் நம்புவது எவரோ குனிந்து பார்த்தெழுதிய எண்களை நம்பியே. யாம் துளைத்த பனித்தளம் என்றோ உருகியிருக்கும். அதைத் தேடிச் சென்று சரிபார்ப்பார் எவருமிலர். எண் மட்டும் ஏட்டில் நிலைத்திருக்கும்.

பரிசோதனைச்சாலையில் அயலவன் ஏட்டைப் பார்த்து வாசிப்புகளை எழுதும் வழக்கம் எம் காலத்தும் இருந்தது. யாமும் அதற்கு விலக்கல்லேம். இன்று அதே மேசைகளின் முன் நிற்கும் இளந்தம்பியர், மரத்த விரலாயினும் தம் கண்ணாற் கண்டதையே எழுதுவாராக.