வெட்டினது வெளியே தெரியக்கூடாது

பழைய அம்பாசடரின் பின்சக்கரத்துக்கு அகல டயர் போட வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள்: "மட்கார்டை வெட்டினது வெளியே தெரியக்கூடாது." தெரியாதபடி செய்வதுதான் எங்கள் தொழில். ஆனால் இந்தத் 'தெரியக்கூடாது' எங்கே போய் நிற்கிறது என்று தோழர்களோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறோம். படிக்கிற தம்பி தங்கைகள் பலர் டிங்கரிங் என்றால் சுத்தியலால் தட்டுவது என்றே நினைக்கிறார்கள். அம்பாசடருக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங், இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு. டயர் அகலமானால் வெளியே மட்கார்டு விளிம்பில் உரசும், உள்ளே பட்டையில் உரசும். வண்டி சும்மா நிற்கும்போது தெரிகிற இடைவெளியை நம்பக்கூடாது. அச்சை ஜாக்கியால் முழுக்க ஏற்றிப் பார்க்க வேண்டும்; ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றியும் பார்க்க வேண்டும், பள்ளத்தில் வண்டி அப்படித்தான் சாயும்.

விளிம்பில் இருப்பது ஒரு தகடு அல்ல. வெளித்தகடும் உள்தகடும் அங்கேதான் சேர்கின்றன. வெறுமனே அறுத்துவிட்டால் இரண்டும் பிரிந்து, தண்ணீர் இறங்கி, துரு தின்றுவிடும். உள்தகட்டைக் கீறல் கீறலாக வெட்டி, மடக்கி, மறுபடி பற்றவைக்க வேண்டும். ஒரே இடத்தில் தீயைப் பிடித்தால் தகடு நெளியும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் ஈரத்துணி. பெட்ரோல் டேங்கைக் கழற்றாமல் டார்ச்சைத் தொடவே கூடாது. பட்டி மெல்லிசாகப் போட வேண்டும், தடித்தால் வெடித்துவிடும்.

இதையே கல்லூரிக் கட்டடத்துக்குள் செய்தால் இன்ஜினியரிங். எங்கள் தெருவில் செய்தால் கூலிவேலை.

ஒரு வீட்டுக்கு வண்டியை ஒப்படைக்கப் போனோம். மட்கார்டைத் தடவித் தடவிப் பார்த்தார், கை எடுக்க மனமில்லை அவருக்கு. பிறகு எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னோம். எங்களுக்குத் தண்ணீர் பேப்பர் கப்பில் வந்தது, அவருடைய டிரைவருக்குச் சொம்பில். நாங்கள் தொட்ட தகடு மட்டும் தீட்டாகவில்லை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு வேண்டுமானால், 2021 விதிப்படி பாடியைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. 182ஏ பிரிவு மாற்றத்துக்கான தண்டனையை வண்டியின் உரிமையாளருக்கு என்றுதான் எழுதியிருக்கிறது. இவ்வளவையும் வருகிறவரிடம் முதலிலேயே சொல்லி, தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். போலீஸ் பிடித்தால் 'பட்டறைக்காரன் பண்ணிட்டான்' என்பார்கள். கண்காட்சியில் பரிசு வந்தால் 'நானே பார்த்துப் பார்த்துப் பண்ணினது' என்பார்கள்.

இப்போது பில்லில் டிங்கர் பெயரும் வெல்டர் பெயரும் தனித்தனியாக எழுதுகிறோம். உள்தகட்டில், பட்டி படாத இடத்தில், எழுத்துப் பஞ்சால் எங்கள் பெயரும் தேதியும் அடிக்கிறோம். சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும். ஒருவர் மட்டும் அதுவும் வேண்டாம் என்றார். வண்டியை வேறு பட்டறைக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டோம்.