அவர் வாசிக்காமல் விட்ட இடங்கள்



ஆசிரியர் கலாசாலைக் காலத்து நண்பர்கள் நாம் நால்வர். எம்மில் ஒருவரிடம் அவரது வாப்பா விட்டுச்சென்ற ரெக்கோர்ட் பிளேயர் இருக்கிறது. கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் இசைத்தட்டுக் கட்டொன்று வாங்கினோம். அதிலிருந்த ஒரு பெயர் எம்மை நிறுத்தியது. அஹ்மத் ஜமால்.

ஜாஸ் பற்றி எம்மில் எவருக்கும் எதுவும் தெரியாது. தேடித்தேடி வாசித்தோம். 1930 இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ரெடரிக் ரசல் ஜோன்ஸ் என்ற பெயரில் பிறந்தவர். இளவயதிலேயே இஸ்லாத்தை ஏற்றுப் பெயரை மாற்றிக்கொண்டார். 2023 இல் காலமானார்.

அந்தத் தட்டு 1958 ஜனவரியில் சிகாகோவின் தென்பகுதியில், பெர்ஷிங் ஹோட்டலில், ஆட்கள் நிறைந்த கூடத்திலேயே பதிவானது. பியானோ ஜமால், பேஸ் இஸ்ரேல் கிராஸ்பி, ட்ரம்ஸ் வெர்னல் ஃபூர்னியே. மூன்றே பேர். அன்று 43 உருப்படிகள் பதிவாகின. தட்டில் ஏறியவை 8 மட்டும்.

கேட்கும்போது எம்மை வியக்க வைத்தது அவர் வாசித்ததல்ல, வாசிக்காமல் விட்டது. மெட்டில் ஒரு துண்டைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அந்த வெளியில் கிராஸ்பியின் பேஸ் முன்னே வருகிறது. இரண்டாம் பக்கத்தில் 'பொயின்சியானா' எட்டு நிமிடம் ஓடுகிறது. ட்ரம்ஸில் இருவர் இருக்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தோம். ஒருவர்தான்! பியானோ வழிவிடுவதால்தான் அந்தக் கைகளின் வேலை முழுதாகக் காதில் விழுகிறது.

அன்றைய விமர்சகர்கள் சிலர் இதை விருந்துக்கூடத்துப் பின்னணி இசை என்று தட்டிக்கழித்தார்கள். மைல்ஸ் டேவிஸ் அப்படி நினைக்கவில்லை. ஜமாலைப்போல் வாசிக்கும்படி தன் பியானோ கலைஞரிடமே கேட்டார். மக்களும் கைவிடவில்லை. விற்பனைப் பட்டியலில் அந்தத் தட்டு நூறு வாரங்களுக்கு மேல் நின்றது.

பெயரும் பணமும் வந்தபின் ஜமால் சிகாகோவில் 'அல்ஹம்ப்ரா' என்று சொந்தமாக ஓர் இடம் திறந்தார். அங்கே மது கிடையாது. இரவு விடுதிகள் மதுவில் பிழைத்த காலம் அது. அல்ஹம்ப்ரா நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1962 இல் கிராஸ்பியும் இறந்துபோனார். ஆனாலும் ஜமால் அதன்பின் பல பத்தாண்டுகள் வாசித்தார்.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே நாம் திறக்கவில்லை. எங்கள் நால்வருக்குள்ளேயே அதில் ஒரே கருத்து இல்லை. ஒருவர் பியானோவைக் கேட்க மாட்டார், கதையை மட்டும் கேட்பார். ஆனால் அல்ஹம்ப்ராவின் கதைக்கு முதலில் "மாஷா அல்லாஹ்" சொன்னவர் அவர்தான்.

நாம் பேசிப் பிழைப்பவர்கள். நாற்பது நிமிடப் பாடவேளையை எங்கள் குரலால் நிரப்பிவிட்டால் பாடம் நடந்துவிட்டது போலிருக்கும். கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்துவரை எண்ணிப் பாருங்கள். வகுப்பு ஒரு கணம் அடங்கிவிடும். பிறகு, வழக்கமாகக் கையுயர்த்தாத பிள்ளையின் கை மெல்ல எழும். கிராஸ்பிக்குக் கிடைத்த இடம் அந்தப் பிள்ளைக்கும் வேண்டும்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் பழைய தட்டுகள் கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் உறையிலுள்ள பெயர்களை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.