தட்டில் மிஞ்சிய குரல்

செங்கோட்டை என்றதும் வாஞ்சிநாதனை நினைப்போர் பலர். நமக்கோ அவ்வூர்ப் பெயர் ஒரு குரலோடு ஒட்டிக் கிடக்கிறது. 1906-ல் அங்கே பிறந்து, 1933 டிசம்பரில், இருபத்தேழே வயதில் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் அது. அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. 1956-ல்தான் நம் மாநிலத்தோடு இணைந்தது. கிட்டப்பாவின் பாட்டு அதற்கு வெகுகாலம் முன்பே எல்லை தாண்டிவிட்டது.

ஒலிபெருக்கி வழக்கத்துக்கு வராத நாடக மேடை அவருடையது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமானால் தொண்டைதான் துணை. கன்னையா கம்பெனியின் தசாவதாரத்தில் பரதனாக நின்று உச்சத்தில் பாடிய அந்தக் குரலைப் பற்றி நம் முதியவர்கள் பேசத் தொடங்கினால் விடிந்துவிடும். தமிழின் முதல் பேசும் படம் வந்தது 1931-ல். படம் எதிலும் தோன்றாமலே அவர் போய்விட்டார். எஞ்சியவை இசைத்தட்டுகள் மட்டுமே.

தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பதோ மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் சற்று. மேடையில் விரித்துப் பாடிப் பழகியவர் அதற்குள் அனைத்தையும் அடக்கியாக வேண்டும். தேவாமிருதவர்ஷிணியில் அமைந்த 'எவரனி' கீர்த்தனை அப்படி அடங்கிய ஒன்று. நாடகத்தை நேரில் கண்ட நம் பாட்டனார், "இது கிட்டப்பா அல்ல, அவர் நிழல்" என்று கையை உதறிவிடுவார்.

பாட்டியார் இதை ஏற்றதே இல்லை. அவர் ஏன் ஏற்க வேண்டும்? இரவெல்லாம் நடக்கும் நாடகத்துக்கு நம் வீட்டுப் பெண்கள் எவரும் போனதில்லை. கூடத்தில் கிராமபோன் சுழல, உள்வாசல் திரைக்குப் பின்னே அமர்ந்து கேட்டதுதான் அவர்கள் அறிந்த கிட்டப்பா. பாட்டுப்பெட்டி வீட்டுக்குள் வரலாமா என்ற பேச்சும் குடும்பத்தில் எழாமல் இல்லை. நல்லவேளை, பேச்சு முடியுமுன் பெட்டி வந்துவிட்டது! தெலுங்கு ஒரு சொல்லும் அறியாத பாட்டியாருக்கு அந்தக் கீர்த்தனை எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது மனப்பாடம். பாட்டனாருக்கு நிழலாய்த் தோன்றியது அவருக்கு முழு ஆளாகவே இருந்தது. இவ்வழக்கில் நாம் பாட்டியார் பக்கம்.

பக்கத்துக்கொரு ஊசி மாற்ற வேண்டும் என்பது விதி. சிக்கனம் கருதி ஒரே ஊசியைப் பல தடவை ஓட்டுவது நம் வீட்டு வழக்கம். ஊசி மழுங்கிவிட்டதைத் திரைக்குப் பின்னிருந்தே கண்டு சொல்பவர் பாட்டியார்தான். அரக்கில் வார்த்த தட்டு எத்தனை நாள் தாங்கும்? அதிகம் விரும்பிய பாட்டே முதலில் தேய்ந்தது.

இப்போது அந்தப் பழம் பதிவுகளை இரைச்சல் நீக்கி வழங்குகிறார்கள். இரைச்சலை அளவு மீறி நீக்கினால், அதனோடு குரலின் உச்சியிலுள்ள கூர்மையும் போய்விடும். கிட்டப்பாவிடம் அந்தக் கூர்மையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஆகவே சரசரப்போடு கூடிய படியையே நாம் வைத்திருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டினால் சரசரப்பை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. "அதற்குள் முடிந்துவிட்டதா?" என்றுதான் கேட்கிறார்கள்.